கைத்தொழில் வாங்கித் தந்த மணல்வெளி

கொட்டிவாக்கத்தைத் தாண்டித் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோதே, மாணவர்களோடு சேர்ந்து 1966இல் இதை நிறுவினார். நவீன ஓவியத்தை விற்று வயிறு வளர்க்க முடியாத காலம் அது. ஆகவே பத்திக் துணியும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கினார்கள்.

கைத்தொழில் கலையைக் கெடுக்கும் என்பது அன்றைய அச்சம். இன்றும் சிலர் அப்படிச் சொல்லக் கேட்கிறோம். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து உருவாக்கிய தெய்வ முகங்களையும், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) உலோகத் துண்டுகளை ஒட்டவைத்து எழுப்பிய, முன்நின்று பார்ப்பதற்கான சிற்பங்களையும் கண்டவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். கம்மாளரின் கைப்பழக்கமன்றோ அங்கே நவீனமாகியிருக்கிறது!

மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959இல் நிறுவப்பட்டது. அதன்பின் நம் சாலைச் சந்திகளைப் பெரும்பாலும் தலைவர்களே நிறைத்தனர். நவீனச் சிற்பத்துக்கு, பன்னாட்டுச் சிற்பப் பூங்காவைக்கூட, இக்கலைஞர்கள் தம் வளாகத்துக்குள்தான் அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.