ஒரு மைஸ்டர் சான்றிதழின் கதை

ஜெர்மனியில் பல முடிதிருத்தும் கடைகளின் சுவரில் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருக்கும். 'மைஸ்டர்பிரீஃப்' என்பார்கள். பாராட்டுப் பத்திரம் இல்லை அது. பொதுவாக அது கையில் இருந்தால்தான் கைவினைஞர் பதிவேட்டில் பெயர் ஏறும்; பெயர் ஏறினால்தான் கடை திறக்க முடியும். ஏறியவர் சட்டப்படி கைவினைஞர் சபையின் உறுப்பினராகிவிடுவார். வேண்டாம் என்று ஒதுங்க வழியில்லை.

இதன் வேர் இடைக்கால நகரங்களின் கைவினைஞர் சங்கங்களில் இருக்கிறது. தச்சரோ செருப்புத் தைப்பவரோ சொந்தமாகத் தொழில் நடத்தச் சங்கத்தில் சேர்ந்தாக வேண்டும். சிறுவயதில் பயிற்சி, பிறகு ஊர் ஊராகப் போய்க் கூலி வேலை, கடைசியில் தன் கையால் ஒரு பொருளைச் செய்து காட்டித் தேறி 'மைஸ்டர்' ஆக வேண்டும். தேர்வு நடத்துபவர்களோ அதே ஊரில் அதே தொழில் செய்யும் மூத்தவர்கள். முறையான திருமணத்தில் பிறந்தவனா என்றுகூடப் பல இடங்களில் விசாரித்தார்கள். கட்டணம் கேட்டார்கள், விருந்து வைக்கச் சொன்னார்கள். மைஸ்டரின் மகனுக்கும், அவருடைய விதவையை மணப்பவனுக்கும் சலுகை உண்டு. கைத்திறனைச் சோதிக்க வந்த ஏற்பாடு, போட்டியாளரை வெளியே நிறுத்தும் தாழ்ப்பாளாகவும் ஆயிற்று.

1806-இல் நெப்போலியனிடம் தோற்ற ஜெர்மன் அரசான பிரஷ்யா, நாட்டைச் சீர்திருத்தப் புறப்பட்டு, 1810 நவம்பர் 2 அன்று அந்தத் தாழ்ப்பாளைத் திறந்தது. தொழில்வரிச் சீட்டு வாங்கினால் பெரும்பாலான தொழில்களைச் செய்யலாம் என்றது. ஆனால் ஆலைகளோடு மோதி நொடித்த கைவினைஞர்கள் பழைய பாதுகாப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1897-இல் சபைகள் சட்டபூர்வமாயின. 1908-இல், பயிற்சி மாணவர்களை வைத்துக்கொள்ள மைஸ்டர் பட்டம் வேண்டும் என்றானது.

1935-இல், நாஜி ஆட்சியில், கடை வைக்கவே அந்தப் பட்டம் கட்டாயமாயிற்று. அதற்கு முன்பே சங்கத்தில் சேர்வதையும் கட்டாயமாக்கியிருந்தார்கள். 1938 நவம்பரில் வந்த ஆணை, யூதர்கள் சொந்தமாகக் கைத்தொழில் நடத்தக் கூடாது என்றது. ஆண்டு முடிவதற்குள் அவர்கள் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள், கைவினை அட்டைகளைப் பறித்தார்கள். முறையாகத் தேர்வெழுதித் தேறிய தையற்காரரின் திறமை அன்றும் அவர் விரலில்தான் இருந்தது. பிழைப்பு மட்டும் போய்விட்டது. பிழைக்கும் உரிமையை ஒரே பதிவேட்டில் கட்டிவைத்தால் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

போருக்குப் பின் ஜெர்மனியின் அமெரிக்க ஆக்கிரமிப்புப் பகுதியில் மைஸ்டர் கட்டாயம் நீங்கியது. 1953-இல் மேற்கு ஜெர்மனி முழுவதற்குமான சட்டமாக அது திரும்பியது. 1961-இல் அரசியல் சாசன நீதிமன்றமும் அதை ஏற்றது.

2004-இல் 94 தொழில்களில் 53-க்கு மைஸ்டர் கட்டாயம் எடுக்கப்பட்டது. தரை ஓடு பதிப்பவர்கள் தேர்வில்லாமலே தொழில் தொடங்கினார்கள். தனியாள் நிறுவனங்கள் பெருகின, பயிற்சி பெறும் இளைஞர்கள் குறைந்தார்கள். இதைப் பற்றிய கவலை நியாயமானது. தேர்வு வேண்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் தேர்வை விலக்கிய அந்தத் தொழில்களுக்கும் சபை உறுப்பினர் கட்டாயத்தை விலக்கவில்லையே! தரத்தைக் காக்கத்தான் அந்தக் கட்டாயம் என்றால், தேர்வு போனபோதே அதுவும் போயிருக்க வேண்டும்.

2020 பிப்ரவரியில் 12 தொழில்களுக்குச் சான்றிதழ் மீண்டும் கட்டாயமானது. தரை ஓடு பதிப்பவர், பீப்பாய் செய்பவர், தேவாலய ஆர்கன் கட்டுபவர் எல்லாம் அதில் அடக்கம். ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்களுக்கு அது பொருந்தாது. புதிதாக வருபவர்கள்தான் தேர்வெழுத வேண்டும்.