அறுவைக் கூடத்தில் அடங்கிய சிரிப்பு

துயரத்தை மறக்கவே சிரிப்பு என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். துயரத்தை மறக்க விடாத சிரிப்பும் உண்டு என்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் லாரி கெல்பார்ட்டின் வாழ்வு சான்று பகர்கிறது.

1928இல் சிகாகோவில், யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர் அவர். தந்தை முடிதிருத்தும் தொழிலாளி. தம்மிடம் வந்த நடிகர் டேனி தாமஸிடம் மகனின் திறமையை அவர் எடுத்துரைத்தார். அதன் பயனாக, 16 வயதிலேயே கெல்பார்ட் வானொலிக்கு நகைச்சுவை எழுதத் தொடங்கினார். பின்னர் பாப் ஹோப்பிடம் பணியாற்றியபோது, படைவீரரை மகிழ்விக்கச் சென்ற அவருடைய குழுவோடு கொரியப் போர்க்களத்துக்கும் சென்றார்.

அப்போரின் நடமாடும் இராணுவ மருத்துவமனையைக் களமாகக் கொண்ட 'மாஷ்' தொலைக்காட்சித் தொடரை 1972இல் அவரே எழுதி உருவாக்கினார். வியட்நாம் போர் ஓயாத காலம் அது. நகைச்சுவைத் தொடரென்றால், பதிவுசெய்த சிரிப்பொலி பின்னணியில் ஒலித்தாக வேண்டும் என்றது சிபிஎஸ் நிறுவனம். கெல்பார்ட்டும் தயாரிப்பாளர் ஜீன் ரேனால்ட்ஸும் அதை எதிர்த்தனர். முடிவில் ஓர் உடன்பாடு பிறந்தது: அறுவைக் கூடக் காட்சிகளில் மட்டும் அவ்வொலி எழாது. குருதி தோய்ந்த கைகளோடு மருத்துவர்கள் அங்கும் கேலி பேசினர். சிரிப்பதா, கலங்குவதா என்பதைக் காண்போரே முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

1975 மார்ச்சில் ஒளிபரப்பான பகுதியில், அனைவரின் அன்புக்கும் உரிய தளபதி ஹென்றி பிளேக் பணி முடிந்து வீட்டுக்குப் புறப்படுகிறார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, எவரும் பிழைக்கவில்லை என்னும் செய்தி அதே அறுவைக் கூடத்தில் வாசிக்கப்படுகிறது. மருத்துவர்கள் கண்ணீரோடு அறுவையைத் தொடர்கின்றனர். சிரிக்க அமர்ந்தவர்களை அழ வைத்ததற்காகக் கண்டன மடல்கள் பல வந்தன. அச்சினம் நமக்கும் புரிகிறது. ஆயினும், போரில் மடிந்த ஒவ்வொருவரும் ஏதோ ஓர் இல்லத்தில் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கப்பட்டவர் அல்லரோ?

நான்கு பருவங்களுக்குப் பின் கெல்பார்ட் தொடரிலிருந்து விலகினார். 1982இல் அவர் பிறரோடு சேர்ந்து எழுதிய 'டூட்சி' திரைப்படத்தில், வேலையற்ற நடிகன் ஒருவன் பெண்வேடம் பூண்டு பிழைக்கிறான். பெண்கள் அன்றாடம் படும் சிறுமையைத் தானே பட்டு உணர்கிறான். அங்கும் சிரிப்பின் வழியே பிறர் வலி நம்மை வந்தடைகிறது.

2009இல் கெல்பார்ட் மறைந்தார். எளியோரின் உருவத்தையும் ஊனத்தையும் எள்ளி நகையாடும் காட்சிகள் நம் இல்லங்களுக்குள் புகும்போது, அறுவைக் கூடத்தில் அவர் காத்த அந்த அமைதியை நாம் நினைவுகூர்வது நன்று.