த்ரோ: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

இன்று எறிவதைக் குறிக்கும் ‘த்ரோ’ என்ற ஆங்கிலச் சொல், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முறுக்குவதையும் திருப்புவதையும் குறித்தது. அப்போது அது ‘த்ராவன்’. உறவுச் சொல்லான ஜெர்மனின் ‘ட்ரேயன்’ இன்றும் திருப்புதலையே சொல்கிறது. நூலைக் குறிக்கும் ‘த்ரெட்’டும் இதே வேரில் பிறந்தது, முறுக்கப்பட்டதுதானே நூல்!

அக்காலத்தில் எறிதலுக்கு வேறொரு சொல் இருந்தது: ‘வெயோர்பன்’. அது ‘வார்ப்’ என்று திரிந்து, ஈரம்பட்ட பலகை கோணிக்கொள்வதைச் சொல்லும் வினையாகிவிட்டது. முறுக்கிய சொல் எறியவும், எறிந்த சொல் முறுக்கிக்கொள்ளவும் தொடங்கிய இந்த மாற்றம் மொழி வரலாற்றின் அபூர்வங்களில் ஒன்று.

இடையில் ஸ்காண்டிநேவியரிடமிருந்து வந்த ‘காஸ்ட்’ ஓங்கி நின்றது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் கல்லெறிய அந்தச் சொல்தான். 1300 வாக்கில் எறிதல் பொருளைப் பெற்ற ‘த்ரோ’ அதை மெல்ல ஓரங்கட்டியது. கையைச் சுழற்றி வீசும் அசைவே இரு பொருள்களுக்கும் பாலமாக இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. வலை வீசவும் வாக்களிக்கவும் உலோகம் வார்க்கவும் ‘காஸ்ட்’ இன்றும் நிலைத்திருக்கிறது.

பழம்பொருளைக் காப்பாற்றித் தந்தவர்கள் கைவினைஞர்கள். ஆங்கிலேயக் குயவர் சக்கரத்தில் பானை வனைவதை ‘த்ரோ’ என்றே சொல்கிறார். களிமண்ணைச் சக்கரத்தில் ஓங்கிப் போடுவதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது திருப்புதல் என்ற பழைய பொருள்தான். பட்டுத் தொழிலில் மெல்லிழைகளை முறுக்கி நூலாக்குபவர் ‘த்ரோஸ்டர்’. டெர்பி நகரில், டெர்வென்ட் ஆற்றின் விசையில் இயங்கும்படி லோம்ப் சகோதரர்கள் எழுப்பி 1721 வாக்கில் முடித்த புகழ்பெற்ற ஆலை இந்த வேலைக்கானது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கோ ‘வார்ப்’ என்று பெயர். அதில் எறிதலின் பழைய நினைவு தங்கியிருக்கிறது. தறிக்கூடத்தில் இரண்டு சொற்களும் இன்னும் இடம் மாறாமல் இருக்கின்றன.

பிற்காலப் பொருள்கள் பல அமெரிக்காவில் முளைத்தன: பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்பது, விருந்து வைப்பது. கணினி நிரல் பிழையைக் கண்டதும் வெளியே அனுப்புவதும் ‘த்ரோ’தான்.

கிரிக்கெட்டில் மட்டும் பந்துவீச்சாளருக்கு அது குற்றச்சாட்டு. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தைத் திருப்பும் இலங்கைத் தமிழர் முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை ‘நோ பால்’ அறிவித்தார். விரிவான ஆய்வுகளுக்குப் பின், முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற வரம்பு 2005-இல் நடைமுறைக்கு வந்தது. அதைத் தாண்டினால்தான் இன்று ‘த்ரோ’.