சீட்டுக் கட்டி இசே யாத்திரை போனவர்கள்

ஓய்வு பெற்ற நண்பர்கள் வட்டத்தில் இப்போது அடிக்கடி அடிபடும் பெயர் ஜப்பான். முன்பெல்லாம் சிங்கப்பூர், மலேசியா என்றுதான் பேச்சு இருக்கும். இப்போது பேரனோ மருமகளோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "முதல் மூணு நாள் டோக்கியோ, அப்புறம் ஹகோனே, அங்கேயிருந்து கியோட்டோ, நாரா, கடைசியா ஒசாகா" என்று திட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஹகோனேயில் மலையும் ஏரியும், வானம் தெளிவாக இருந்தால் புஜி மலையும் பார்க்கலாம். கியோட்டோ, நாரா என்றால் கோயில்கள்.

இந்த வழியைச் சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானியக் குடியானவர்களும் கடைச் சிப்பந்திகளும் கால்நடையாகப் போன வழி. அவர்களில் பெரும்பாலோருக்குக் கையில் காசு கிடையாது. நினைத்தபோது ஊரை விட்டுக் கிளம்பும் உரிமையும் கிடையாது. அப்படியும் லட்சக்கணக்கில் போனார்கள். எப்படிப் போனார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு ஜப்பானுக்குப் போனால், பார்ப்பதற்கு இன்னும் சில விஷயங்கள் கிடைக்கும்.

1603-இல் தொக்குகாவா இயேயாசு ஷோகன் பதவிக்கு வந்தார். அவருடைய தலைநகர் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ. பேரரசர் இருந்தது கியோட்டோவில். இரண்டு நகரங்களையும் இணைத்த கடற்கரைச் சாலைக்கு டோக்கைடோ என்று பெயர். நீளம் 490 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழி நெடுக 53 சாவடி ஊர்கள். ஒவ்வொன்றிலும் தங்கும் விடுதி, சாப்பாட்டுக் கடை, சுமைக் குதிரை, கூலியாட்கள் எல்லாம் உண்டு. ஏறக்குறைய நாலு கிலோமீட்டருக்கு ஒரு மண்மேடு எழுப்பி, அதன்மேல் மரம் நட்டு வைத்திருந்தார்கள். அதுதான் மைல்கல். எடோவிலிருந்து கியோட்டோவுக்கு நடந்து போக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும்.

சாலை நன்றாக இருந்ததே தவிர, யார் வேண்டுமானாலும் அதில் போய்விட முடியாது. நிலத்தை விட்டுக் குடியானவன் போய்விட்டால் வரி நெல் யார் தருவது? அதனால் பயணத்துக்கு ஊர்த் தலைவரிடமோ கோயில் குருவிடமோ அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். "நான் உல்லாசமாக நாலு ஊர் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றால் கடிதம் கிடைக்காது. "இசேக்கு யாத்திரை போகிறேன்" என்று சொன்னால், மறுப்பது அதிகாரிகளுக்குச் சங்கடம். இசே என்பது சூரிய தேவதை அமத்தெராசுவின் ஆலயம். நமக்குக் காசி எப்படியோ, அவர்களுக்கு இசே அப்படி.

அந்த அனுமதிக் கடிதங்கள் பல இன்றும் மியூசியங்களில் இருக்கின்றன. அவற்றில் வழக்கமாக வரும் வாசகம் ஒன்று உண்டு. இந்த ஆள் வழியில் நோயுற்று இறந்துபோனால், அந்த ஊர் வழக்கப்படியே அடக்கம் செய்துவிடுங்கள், எங்களுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டுதான் யாத்ரீகன் கிளம்பினான். காசிக்குப் போகிறவர்களை இனித் திரும்பி வருவார்களோ மாட்டார்களோ என்று அழுது வழியனுப்பிய கதைகளை நம் பாட்டிமார் வாயால் கேட்டிருக்கிறோம். அங்கே அதை எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது பணம். இதற்கு அவர்கள் கண்ட வழி நமக்கு மிகவும் பழக்கமானது. ஊரில் இருபது முப்பது பேர் சேர்ந்து சங்கம் வைப்பார்கள். அதற்குக் 'கோ' என்று பெயர். ஒவ்வொருவரும் தவணை தவறாமல் சிறு தொகை கட்டுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை குலுக்கிப் போடுவார்கள். பெயர் விழுந்தவர்கள் அந்தப் பணத்தில் எல்லோருக்கும் பிரதிநிதியாக இசேக்குப் போவார்கள். நம்முடைய குலுக்கல் சீட்டேதான். ஒரே வித்தியாசம், சீட்டு விழுந்தவர் நகையோ பாத்திரமோ வாங்க முடியாது; யாத்திரைதான் போக வேண்டும்.

அறுவடை முடிந்து வயலில் வேலை இல்லாத குளிர்காலத்தில் கிளம்புவார்கள். உற்றார் உறவினர் வழிச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது கொடுத்தவர்களுக்கெல்லாம் இசேயின் ரட்சையும் வழியில் வாங்கிய சிறு பொருள்களும் கொண்டுவந்து தர வேண்டும். காசிக்குப் போனவர்கள் கயிறும் கங்கைச் சொம்பும் கொண்டுவந்து கொடுப்பது போலத்தான். எங்கே போனாலும் ஒரு பொட்டலமாவது வாங்கி வந்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும் பழக்கம் ஜப்பானியரிடம் இன்றும் இருக்கிறது. அங்கே ரயில் நிலையங்களில் பெட்டி பெட்டியாகப் பலகாரம் விற்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

இசேயில் 'ஒன்ஷி' என்ற புரோகிதக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இவர்களுடைய ஆட்கள் ஆண்டுதோறும் நாடெங்கும் போய், ரட்சையும் பஞ்சாங்கமும் கொடுத்து, சீட்டுச் சங்கங்களைக் கட்டிக் காத்தார்கள். யாத்ரீகர்கள் வந்தால் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்து, விருந்து போட்டு, பூஜைக்கு ஏற்பாடு செய்து, ஊரையும் சுற்றிக் காட்டினார்கள். காசியிலும் ராமேஸ்வரத்திலும் ஊர்வாரியாகப் பண்டாக்கள் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பயண ஏஜென்ட் வேலையையும் புரோகிதத்தையும் ஒருவரே பார்த்தார்.

வழிகாட்டிப் புத்தகங்களும் வந்துவிட்டன. 1780-இல் கியோட்டோவின் கோயில்களையும் காட்சிகளையும் படங்களோடு விளக்கும் நூல் ஒன்று வெளியாகி, அதைப் பின்பற்றிப் பல ஊர்களுக்கும் அப்படி நூல்கள் வந்தன. 1810-இல் யாசுமி ரோவான் என்பவர் பயணிகளுக்கு 61 அறிவுரைகள் எழுதினார். முதல் நாள் வேகமாக நடக்காதே, சாமானைக் குறைத்துக்கொள், பசியோடு போய் அளவுக்கு மீறிச் சாப்பிடாதே, விடுதிக்குள் நுழைந்ததும் திசையையும் கழிப்பறையையும் முன் வாசல் பின் வாசலையும் பார்த்து வைத்துக்கொள் என்ற மாதிரியான யோசனைகள். நம் வயதுக்காரர்களுக்கு இன்றும் இதைவிட நல்ல யோசனை சொல்ல முடியாது.

வழியில் இரண்டு இடங்களைத் தாண்டுவது பெரும்பாடு. ஒன்று ஓயி ஆறு. பாதுகாப்புக் கருதி அதில் பாலமும் கட்டவில்லை, படகும் விடவில்லை. கூலியாட்கள் பயணியைத் தோளிலோ பலகையிலோ தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் விட வேண்டும். தண்ணீர் ஏற ஏறக் கூலியும் ஏறும். ஆழம் சுமார் நாலரை அடியைத் தாண்டினால் ஆற்றைக் கடக்கவே தடை. வெள்ளம் வடியும்வரை கரையிலேயே தங்கிக் கைக்காசைக் கரைக்க வேண்டியதுதான்.

மற்றொன்று ஹகோனே சோதனைச் சாவடி. 1619-இல் ஏற்படுத்தியது. பிரபுக்களின் மனைவி மக்கள் எடோவிலேயே இருக்க வேண்டும் என்பது ஷோகனின் ஏற்பாடு. நேராகச் சொன்னால் பிணைக்கைதிகள். அவர்கள் தப்பிவிடக் கூடாது என்பதற்காக, எடோவிலிருந்து வரும் பெண்களைத்தான் அங்கே மிகவும் கடுமையாகச் சோதித்தார்கள். பெண்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு. அதில் எழுதியிருக்கும் அடையாளமும் ஆளும் ஒத்துப்போகிறதா என்று தலைமுடியைக்கூடப் பிரித்துப் பார்க்க ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். 1702-இல் தாமா என்ற இளம்பெண், எடோவில் வேலை பார்த்த இடத்திலிருந்து தன் ஊருக்குப் போக நினைத்து, சாவடியைச் சுற்றி மலை வழியே போகும்போது பிடிபட்டாள். மரண தண்டனை கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போக ஆசைப்பட்டதைத் தவிர அவள் வேறொரு குற்றமும் செய்யவில்லை. ஹகோனேயில் ஒரு குளம் இன்றும் அவள் பெயரால் வழங்குகிறது.

இத்தனை கெடுபிடியிலும் சொல்லாமல் கிளம்பியவர்களும் இருந்தார்கள். வேலைக்காரச் சிறுவர்களும் பெண்களும் எஜமானிடம் கேட்காமலே, கையில் ஓர் அகப்பையை ஏந்திப் பிச்சை வாங்கிக்கொண்டு இசேக்கு நடப்பார்கள். சாமி பார்க்கப் போனவர்கள் என்பதால் திரும்பி வந்தபின் பொதுவாகத் தண்டிப்பதில்லை. சில ஆண்டுகளில் இது பெரும் அலையாகவே எழுந்தது. 1705-இல் ஐம்பது நாளில் சுமார் 36 லட்சம் பேர் போனதாக மோட்டோரி நோரினாகா என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார். அன்றைய ஜப்பானின் மக்கள்தொகை ஏறக்குறைய மூன்று கோடி. 1771-லும் 1830-லும் மறுபடி இதே போன்ற அலைகள். போக முடியாத சிலர் தங்கள் நாயின் கழுத்தில் சீட்டும் காசும் கட்டி அனுப்பினார்களாம். வழிப்போக்கர்கள் அதற்குச் சோறு போட்டுக் கூட்டிப் போவார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் பழைய ஓவியங்களில் அந்த நாய்கள் இருக்கின்றன.

இசேயில் கும்பிட்டு முடித்தால் கடமை தீர்ந்தது. அதன்பின் உடனே யார் வீடு திரும்புவார்கள்? நாரா, கியோட்டோ, ஒசாகா என்று ஒரு சுற்று. இத்தனை நாள் ஆசைப்பட்டதெல்லாம் இங்கேதான். செருப்புக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கெழுதிய அவர்களுடைய நாட்குறிப்புகள் பல கிடைத்திருக்கின்றன.

நாராவில் அவர்கள் அண்ணாந்து பார்த்த பெரிய புத்தருக்கு நம்மோடு ஓர் உறவு உண்டு. சுமார் 15 மீட்டர் உயரமுள்ள அந்த வெண்கலச் சிலைக்கு 752-இல் கண் திறந்துவைத்தவர் போதிசேனர் என்ற தென்னிந்தியத் துறவி. 736-இல் ஜப்பானுக்கு வந்தவர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு புண்ணியத்தில் பங்கு பெற்றார்கள். அங்கே போகிறவர்கள் இதை வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

1869-இல் சோதனைச் சாவடிகளை ஒழித்தார்கள். வேலை போன ஓயி ஆற்றுச் சுமைகூலிகளில் பலர் பக்கத்து மேட்டு நிலத்தில் தேயிலை பயிரிடப் போனார்கள். 1889-இல் டோக்கியோவிலிருந்து கோபே வரை ரயில் வந்தது. 1964 அக்டோபர் 1-ஆம் தேதி, ஒலிம்பிக் தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது, டோக்கைடோ வழியே ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது. இரண்டு வார நடை இன்று இரண்டேகால் மணி நேரம்.

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு இரண்டு யோசனை. நம்மவர்கள் போடும் திட்டங்களில் பெரும்பாலும் இசே விட்டுப்போகிறது. ஒசாகாவிலிருந்தோ கியோட்டோவிலிருந்தோ ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்தான். 20 ஆண்டுக்கு ஒரு முறை அந்த மர ஆலயத்தை அப்படியே புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-இல் கட்டினார்கள், அடுத்தது 2033. இசுசு ஆற்றின் மேலுள்ள மரப்பாலத்தைக் கடந்து, ஓங்கிய மரங்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும்.

மற்றொன்று ஹகோனே. ஏரியில் படகுச் சவாரி முடிந்ததும் அப்படியே திரும்பிவிடாதீர்கள். கரையிலேயே பழைய சோதனைச் சாவடியை இருந்தபடியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 1680-இல் கல் பாவிய பழைய டோக்கைடோ பாதையும் இருக்கிறது. மழை நாளில் கல் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடியோடு கொஞ்ச தூரம் நடந்தால் போதும். பெண்களைச் சோதித்த அந்த அறையையும் எட்டிப் பாருங்கள். தாமா வீட்டுக்குப் போக நினைத்த வழி அந்த மலையில்தான் இருந்தது.