தோற்றவர் எழுதிய கடிதங்கள்

தோற்றவர் பெயரால் பரணி பாடுவது தமிழ் மரபு. குலோத்துங்கன் படை பெற்ற வெற்றியைப் போற்றும் நூலுக்குக் கலிங்கத்துப்பரணி என்பதே பெயர். ஆயினும் பெயர் மட்டுமே தோற்றவர்க்கு உரியது; பாட்டும் புகழும் வென்றவர்க்கே உரியன. போருக்கு முதல்நாள் இரவு கலிங்க வீரன் ஒருவன் தன் இல்லத்தை நினைத்து என்ன எண்ணினான் என்பதை அந்நூல் கூறாது. கூறுதல் அதன் நோக்கமும் அன்று.

இதற்கு மறுதலையாக, வென்ற நாட்டைச் சேர்ந்த கலைஞர் ஒருவர் தோற்ற படையின் உள்ளத்தை அப்படையின் மொழியிலேயே பேசவைத்தார். கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 2006இல் வெளிவந்த ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் பெரும்பகுதியும் ஜப்பானிய மொழியில் அமைந்தது. அதே போரை அமெரிக்கர் பக்கம் நின்று காட்டும் படம் ஒன்றையும் அதே ஆண்டில் அவர் வெளியிட்டார். ஒரே போருக்கு இரு படங்கள் வேண்டியிருந்தன என்பதே சிந்திக்கத்தக்கது.

தீவும் தளபதியும்

இவோ ஜிமா என்பதற்குக் கந்தகத் தீவு என்பது பொருள். தோக்கியோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில், 21 சதுர கிலோமீட்டர் அளவே கொண்ட எரிமலைத் தீவு அது. ஆறில்லை, ஊற்றில்லை, மழைநீரே குடிநீர். 1944 ஜூன் திங்களில் இத்தீவின் காவலை ஏற்றவர் தளபதி தாதாமிச்சி குரிபயாஷி. இளமையில் அமெரிக்காவில் பயின்று அந்நாட்டின் தொழில்வளத்தை நேரிற் கண்டவர். அந்நாட்டோடு போரிடுதல் தகாது என்னும் கருத்துடையவர். எந்த நாட்டை நன்கறிந்திருந்தாரோ அந்த நாட்டின் படையையே எதிர்கொள்ள அனுப்பப்பட்டார்.

கடற்கரையிலேயே பகைவரைத் தடுக்கும் பழைய முறையை அவர் கைவிட்டார். முழக்கமிட்டுக் கூட்டமாகப் பாய்ந்து மடிதலையும் தடைசெய்தார். கந்தக ஆவி எழும் வெம்மையான மண்ணுக்குள் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளச் சுரங்கங்கள் தோண்டப்பெற்றன. 1945 பிப்ரவரி 19ஆம் நாள் தொடங்கிய போர் மார்ச் 26 வரை நீடித்தது. தீவைக் காத்துநின்ற ஏறத்தாழ 21,000 பேருள் ஆயிரவர் அளவினரே எஞ்சினர். அமெரிக்கர் தரப்பில் இறந்தோர் ஏறத்தாழ 6,800 பேர்.

அடுக்களைத் தளமும் போர்க்களமும்

குரிபயாஷி இத்தீவிலிருந்து இல்லத்தார்க்கு எழுதிய கடிதங்கள் காக்கப்பெற்றுள்ளன. அவற்றுள் வீரமுழக்கத்தைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். தோக்கியோ வீட்டின் அடுக்களைத் தளத்தில் இடுக்கு வழியே குளிர்காற்று நுழைவதைச் சரிசெய்யாமல் வந்துவிட்டோமே என வருந்துகிறார். அதனை எவ்வாறு அடைக்கவேண்டுமென்று விளக்குகிறார். தாம் மீளப்போவதில்லை என அறிந்தவரின் கடிதத்தில் இடம்பெறும் கவலை இது. அமெரிக்காவிலிருந்த நாளில் தம் மகனுக்கு அவர் படம் வரைந்து அனுப்பிய கடிதங்களும் பின்னாளில் நூலாயின. திரைப்படத்துக்கு ஊற்றாக அமைந்தது அந்நூலே.

ஐரிஸ் யமாஷிதா எழுதிய திரைக்கதை தளபதியோடு நில்லாமல் கடைநிலை வீரனிடமும் செல்கிறது. சைகோ என்னும் கற்பனைப் பாத்திரம் ரொட்டி சுடும் தொழிலாளி. பிறக்கவிருக்கும் குழந்தையை விட்டு வந்தவன். மண் தோண்டியவாறே முணுமுணுப்பவன். புகழ்பெற்ற காட்சி ஒன்றில், 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் பொற்பதக்கம் வென்ற நிஷி, இறந்த அமெரிக்க இளைஞனுக்கு அவன் தாய் எழுதிய கடிதத்தைத் தம் வீரர்க்கு மொழிபெயர்த்துப் படிக்கிறார். கேட்போர் ஒவ்வொருவரும் தத்தம் தாயின் சொல்லையே அதிற் கேட்கின்றனர். படத்தின் உயிர்நிலை இக்காட்சியே எனலாம்.

இரக்கமும் நீதியும்

இவ்விடத்து ஒரு வினா எழுதல் இயல்பு. அதே கொடியின்கீழ் நின்ற படை ஆசிய நாடுகள் பலவற்றில் இழைத்த கொடுமைகளை வரலாறு மறக்கவில்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்கு மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மீளவில்லை. அவர்கள் வழிவந்தோர் இப்படத்தைக் கண்டு இரங்குதல் வேண்டுமா?

படம் தீவுக்குள்ளேயே நிற்கிறது. அந்தப் பெரும்பழியை அது விரித்துரைக்கவில்லை. இது அதன் எல்லை; ஒருவகையில் குறையும் ஆகும். எனினும், இரங்குதல் என்பது விடுதலைத் தீர்ப்பு அன்று. தாயின் கடிதத்தைக் கேட்டு நெகிழ்ந்தவர்களும் ஆணை வந்தால் கொல்லக்கூடியவர்களே. சரணடைந்த ஜப்பானிய வீரனைக் காவல் நின்ற அமெரிக்கன் சுட்டுக்கொல்வதையும் படம் மறைக்கவில்லை. மனிதரை மனிதராகக் காட்டினாலன்றி, அவரைக் கொடுமைக்குப் பழக்கிய அரசின் தன்மை புலப்படாது. அயலாரை உழைப்பால் கொன்ற அதே அரசு தன் மக்களையும் தண்ணீரற்ற பாறைக்குள் சாகவிட்டது.

மாற்றப்பட்ட ஒரு சொல்

கவிஞர்கள் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று திரைக்கு வெளியே உள்ளது. 1945 மார்ச் 16ஆம் நாள் குரிபயாஷி தலைமையகத்துக்கு இறுதித் தந்தி அனுப்பினார். உடன் கவிதையும் அனுப்பினார். அம்புகளும் குண்டுகளும் தீர்ந்தபின் உதிரும் வீரரைக் குறித்த அப்பாட்டு ‘கனாஷிகி’ என்னும் சொல்லால் முடிந்தது. துயரம் என்பது அதன் பொருள். மார்ச் 22இல் நாளிதழ்களில் அது வெளிவந்தபோது அச்சொல் இல்லை. ‘குச்சியோஷி’ என்னும் சொல் அங்கிருந்தது. நிறைவேற்ற இயலாமையால் எழும் மனக்கொதிப்பை உணர்த்துவது அது. இறப்பவன் மனக்கொதிப்பை அரசு ஏற்றது, துயரத்தை ஏற்கவில்லை. துயரம் என்று தளபதியே சொல்லிவிட்டால், மகனை இழந்த தாயும் வாய்திறந்து அழுவாள் அல்லவா?

குமிகோ காகெஹாஷி என்னும் எழுத்தாளர் அந்த மூலச்சொல்லையே தலைப்பிற் கொண்டு 2005இல் குரிபயாஷி வரலாற்றை எழுதினார். அவர் மற்றொன்றையும் சுட்டுகிறார். 1994இல் அப்போதைய பேரரசர் அகிஹிதோ அத்தீவுக்குச் சென்றுவந்து ஒரு பாட்டு இயற்றினார். எவர் பெயரால் அவ்வீரர்கள் சாகவிடப்பட்டனரோ அவருடைய மகன் அவர். அவர் பாட்டின் இறுதிச்சொல்லும் ‘கனாஷிகி’.

நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அச்சொல் அரண்மனை வழியே மீண்டது. வீரருள் ஏறத்தாழப் பாதிப்பேரின் எலும்புகள் இன்னும் அம்மண்ணிலிருந்து மீளவில்லை. மாண்டவர்க்கு இரங்கும் பாட்டுக்குக் கையறுநிலை என்று பெயரிட்ட மொழியினர் தமிழர். இறுதிச்சொல் மாற்றப்பட்ட அந்தத் தளபதியின் பாட்டு எத்துறைக்கு உரியது என்பதை அவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.