தடைச் சட்டமும் மனச்சான்றும்: அயர்லாந்தின் ஐம்பது ஆண்டுகள்



நாம் பாவம் எனக் கருதும் ஒரு பொருளைக் கடைகளில் விற்கக்கூடாது என்று அரசு தடை விதிக்க வேண்டுமா? நாம் குடியேறிய நாடுகளில் இக்கேள்வி மது, சூதாட்டம், கஞ்சா என ஒவ்வொரு வடிவில் எழுகிறது. தடை கோரும் மனுக்களில் கையொப்பமிடுமாறு நம்மையும் கேட்கிறார்கள். அதற்கு முன் கத்தோலிக்க அயர்லாந்தின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1935-ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் குற்றவியல் திருத்தச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் 17-ஆம் பிரிவு கருத்தடைச் சாதனங்களை விற்பதையும் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதையும் தடை செய்தது. பயன்படுத்துவது குற்றமன்று, பெறும் வழிகள் மட்டுமே அடைக்கப்பட்டன. 1960-களில் கருத்தடை மாத்திரை வந்தபோது, மாதவிடாயைச் சீர்படுத்தும் மருந்து என்னும் பெயரில் மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுத்தனர். அது எதற்காக என்பது எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். நாடே சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லப் பழகியதுதான் அச்சட்டம் விளைவித்த முதல் கேடு என்பது என் எண்ணம்.

1971 மே 22 அன்று பெண்கள் சிலர் டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கு இரயிலில் சென்று, அங்கே சட்டப்படி விற்கப்பட்ட சாதனங்களை வாங்கி வந்தனர். மருத்துவச் சீட்டு இல்லாததால் மாத்திரை கிடைக்கவில்லை. ஆகவே ஆஸ்பிரின் வாங்கி, அதையே கருத்தடை மாத்திரையெனக் காட்டினர்! சுங்க அதிகாரிகள் அவர்களைத் தடுக்காமல் விட்டுவிட்டனர்.

ஆனால் ஸ்கெரீஸ் ஊரைச் சேர்ந்த மேரி மெகி என்னும் இளம் தாயை அதே சட்டம் விடவில்லை. மீனவர் ஒருவரின் மனைவி. நான்கு குழந்தைகள், அவர்களுள் இருவர் இரட்டையர். கர்ப்பகாலத்தில் மூளை நரம்பில் இரத்தம் உறைந்து துன்புற்றவர். மீண்டும் கருவுற்றால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இங்கிலாந்திலிருந்து அவர் தருவித்த கருத்தடைக் களிம்பைச் சுங்கத்துறை கைப்பற்றியது. அவர் வழக்குத் தொடர்ந்தார். 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நான்கு நீதிபதிகள் ஏற்க ஒருவர் மறுக்க, கணவன் மனைவியின் அந்தரங்க வாழ்வில் அரசு இவ்வாறு புகலாகாது எனத் தீர்ப்பளித்தது. இறக்குமதித் தடை வீழ்ந்தது. விற்பனைத் தடை நீடித்தது. தபாலில் தருவிக்கலாம், தெருமுனைக் கடையில் வாங்கலாகாது என்னும் விந்தையான நிலை உருவாயிற்று.

இவ்விடத்தில் நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. தீர்ப்புக்கு முந்திய மாதத்தில் அயர்லாந்து ஆயர்களே ஓர் அறிக்கை வெளியிட்டனர். கருத்தடை பற்றிய திருஅவையின் போதனையை அவர்கள் கைவிடவில்லை. எனினும், திருஅவை தவறெனக் கற்பிக்கும் யாவற்றையும் அரசு தடை செய்தாக வேண்டும் என்று திருஅவை ஒருபோதும் கூறியதில்லை என்று எழுதினர். தடையை நீக்கினால் சமூகத்திற்கு நன்மையா தீமையா என்பதைச் சட்டமியற்றுவோரே எடைபோட வேண்டும் என்றனர்.

இது ஆயர்கள் நெருக்கடிக்கு அஞ்சிச் சொன்ன புதுக்கருத்து அன்று. புனித தோமா அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவிட்டார். மனிதச் சட்டம் எல்லாத் தீயொழுக்கங்களையும் அடக்க வேண்டியதில்லை; பெரும்பான்மையோரால் தவிர்க்கக்கூடிய கொடிய தீமைகளை, குறிப்பாகக் கொலை, களவு போலப் பிறருக்குத் தீங்கிழைப்பவற்றை அடக்கினால் போதும் என்பது அவர் கருத்து. தாங்க இயலாத சுமையை ஏற்றினால் மக்கள் அதைவிடக் கொடிய தீமையில் விழுவர் என்றும் அஞ்சினார். ஆகவே எதையுமே தடை செய்யலாகாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டா. பிள்ளைகளுக்குப் போதைப்பொருள் விற்பவனை அரசு தடுத்தே தீர வேண்டும். கருக்கலைப்பும், அங்கே இன்னோர் உயிர் இருப்பதால், திருஅவையின் பார்வையில் வேறு வகையைச் சேர்ந்தது. ஆனால் வாங்குபவரின் மனச்சான்றோடு மட்டுமே தொடர்புடைய பொருளுக்கு, மறையுரை மேடையும் பாவசங்கீர்த்தனத் தொட்டியும் செய்ய வேண்டிய பணியைக் காவல்துறையிடம் ஒப்படைப்பது நம் சோம்பல் என்றே கருதுகிறேன்.

அரசியல்வாதிகள் ஆயர்களைவிட மெதுவாகவே நகர்ந்தனர். 1974-இல் தம் அரசே கொண்டுவந்த தளர்வு மசோதாவை எதிர்த்துப் பிரதமர் லியாம் காஸ்கிரேவ் வாக்களித்தார், அது தோற்றது. 1979-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவச் சீட்டோடு விற்பனையை அனுமதித்தது. ஆணுறைக்கும் சீட்டு வேண்டும்! 1985 பிப்ரவரியில், 18 வயது நிறைந்தோர் சீட்டின்றி வாங்க வழிசெய்யும் மசோதா வந்தது. எதிர்த்து வாக்களிக்குமாறு எதிர்க்கட்சி தன் உறுப்பினர்களைப் பணித்தது. அக்கட்சியின் டெஸ்மண்ட் ஓமாலி, தாமும் கத்தோலிக்கராய் இருந்தும், குடியரசின் சட்டம் எல்லாச் சமயத்தாருக்கும் உரியது என வாதிட்டு வாக்களிக்க மறுத்தார். மசோதா 83-க்கு 80 என்னும் கணக்கில் நிறைவேறியது. அதே மாதத்தில் கட்சி அவரை நீக்கியது.