மார்கழிக் கச்சேரியும் நம்ம கோவில் மேளமும்

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி கலக்கி வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.

நம்ம கோவில் திருவிழாவில் மைக் பிடிக்கிற ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியும், நான்தான். போன பங்குனி உத்திரத்தன்று சாமி புறப்பாட்டுக்கு முன்னால் மேளம் வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. யாரோ ஒரு வெள்ளை வீரா காரை ரதம் போற வழியில் விட்டுட்டுப் போயிட்டார். நான் கையைக் காட்டி மேளத்தை நிறுத்தச் சொல்லிட்டு கார் நம்பரை மூணு தடவை வாசிச்சேன். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துட்டு பேசாம நின்னார். அப்போ எனக்கு ஒண்ணும் தோணலை. டிசம்பரில் சென்னைக்குப் போய் வந்த பிறகுதான் அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது.

ஃபேக்டரியில் ஆண்டு இறுதிக்கு பத்து நாள் மூடிட்டாங்க. மயிலாப்பூர் கபாலீஸ்வரரைப் பார்க்கணும், அப்படியே மார்கழிக் கச்சேரியும் கேட்கணும்னு வீட்டுக்காரம்மா ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு சங்கீதம் தெரியாது. தோடி எது, கல்யாணி எதுன்னு இன்னிக்கும் சொல்ல வராது. பகல் கச்சேரி பல சபாக்களில் இலவசம், சாயங்காலத்துக்குத்தான் டிக்கெட்டுன்னு கேள்விப்பட்டு, சும்மா உட்காரத்தான் போனேன். சபா கேண்டீன் சாப்பாட்டைப் பற்றி தனிப் பதிவே போடலாம், இப்போ வேண்டாம்.

இந்த சீசன் ஆண்டாள் காலத்திலிருந்து வந்த வழக்கம், திருப்பாவை மாதிரி பழசுன்னுதான் இவ்வளவு நாள் நினைச்சிருந்தேன். அப்படி இல்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதை ஒட்டி ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அங்கே எடுத்த முடிவின்படி மியூசிக் அகாடமி பிறந்தது. 1928 ஆகஸ்ட் 18-ஆம் தேதி எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. ராமசாமி ஐயர் அதைத் தொடங்கி வைத்தார். கொஞ்ச காலத்தில் ஆண்டு மாநாடும் கச்சேரிகளும் டிசம்பரிலேயே நிலைத்துவிட்டன. கிறிஸ்துமஸுக்கு கோர்ட் விடுமுறை, வக்கீல்களுக்கும் அதிகாரிகளுக்கும் நேரம் இருக்கும், சென்னையில் வெயிலும் குறைவு. டிசம்பர் பாதியில் மார்கழி பிறக்குது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, அதனால் வித்வான்களும் கிடைப்பாங்க. எல்லாம் சேர்ந்து அது 'மார்கழி சீசன்' ஆகிவிட்டது.

அதற்கு முன்னால் சபாவே இல்லை என்று அர்த்தமில்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இல் தொடங்கியது. 1855-இல் தஞ்சாவூர் அரசு வெள்ளைக்காரன் கைக்குப் போன பிறகு அரண்மனை ஆதரவு போச்சு. பாடகர்கள் கொஞ்சம் கொஞ்சமா சென்னைக்கு வந்தாங்க. ராஜா இருந்த இடத்தில் டிக்கெட் வாங்குற ரசிகர் உட்கார்ந்தார். ராஜாவுக்கு நேரம் நிறைய இருந்தது, டிக்கெட் வாங்கினவருக்கு கடைசி டிராமைப் பிடிக்கணும். அதனால் கச்சேரியின் உருவமே மாறியது. முதலில் வர்ணம், அப்புறம் சின்னச் சின்ன கீர்த்தனைகள், நடுவில் ஒரு பெரிய உருப்படி, தனி ஆவர்த்தனம், கடைசியில் லேசான துக்கடாக்கள் என்று இப்போது நாம் கேட்கும் வரிசையை நிலைக்க வைத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்.

அகாடமிக்குச் சொந்த அரங்கம் வர நாளாச்சு. 1955-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1962-இல் மைசூர் மகாராஜா திறந்து வைத்தார். தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடமே இல்லையே என்று கோபப்பட்டவங்க 1943-இல் தமிழ் இசைச் சங்கம் ஆரம்பிச்சாங்க. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்நின்றார். அதுவும் டிசம்பரிலேயே விழா நடத்துது. அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் ஒரு பெண் பாடகிக்குக் கிடைக்க 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கியவர் எம்.எஸ். சுப்புலட்சுமி.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

நாங்க போன ஒரு சபாவில் காலையில் நாதஸ்வரம். மங்கல இசை என்று போட்டிருந்தாங்க. அரங்கத்தில் கால்வாசி கூட ஆள் இல்லை. வந்தவங்களிலும் பாதிப் பேர் அடுத்த கச்சேரிக்கு இடம் பிடிக்கத்தான் வந்திருந்தாங்க. பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். நாதஸ்வரம் முடிஞ்சு வாய்ப்பாட்டு ஆரம்பிச்சதும் பேப்பரை மடிச்சார். வாசலைக் கூட்டிக் கோலம் போடுற மாதிரி நாதஸ்வரம், உள்ளே விருந்து மாதிரி மற்றது. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

ஏன்னா இந்த இசை வளர்ந்தது வீதியில்தானே. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய கோவில்களில் சாமி புறப்பாடு என்றால் ராத்திரி முழுக்க நடக்கும். நாதஸ்வரக்காரர் நாலு வீதியும் நின்னு வாசிப்பார். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் விரிப்பார். கேட்க டிக்கெட் கிடையாது. திண்ணையில் படுத்திருப்பவனும் மாட்டு வண்டிக்காரனும் கேட்பான். பின்னாளில் அரங்கத்தில் பாடகர்கள் ராகத்தை விரிவா பாடினதுக்கு அந்த வாசிப்பு ஒரு பெரிய பாடம். ஜி.என். பாலசுப்பிரமணியம் பாட்டில் ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரச் சாயல் இருக்குன்னு ரசிகர்கள் இன்னிக்கும் பேசிக்கிறாங்க.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை பெயரை நம்ம அப்பாமார்கள் சொல்லக் கேட்டிருப்பீங்க. அந்தக் காலத்தில் மேளக்காரர் என்றால் சட்டை போடக்கூடாது, துண்டை இடுப்பில் கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டேதான் வாசிக்கணும். அவர் கோட்டுப் போட்டார். பாடகர்களுக்குச் சமமா மேடையில் உட்கார்ந்து வாசிச்சார். குட்டையான திமிரி நாதஸ்வரத்துக்குப் பதிலா, சுருதி தாழ்ந்த நீளமான பாரி நாதஸ்வரம் பரவியதும் அவர் காலத்தில்தான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் இன்னிக்கும் அதைச் செய்றாங்க. 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் சுதந்திர விழாவுக்கு வாசிச்சவரும் அவர்தான். சங்கீத கலாநிதி மட்டும் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1956 டிசம்பர் 12-ஆம் தேதி காலமானார். அந்த வருஷத்துப் பட்டம் நாதஸ்வரத்துக்குத்தான் போனது, ஆனால் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு. அவரும் பெரிய வித்வான், அதில் குறை சொல்ல ஒண்ணுமில்லை. இருந்தாலும் மனசு கேட்க மாட்டேங்குது. 1998-இல் ஷேக் சின்ன மௌலானா சாகிபுக்குக் கிடைச்சது. ஆந்திராவில் பிறந்த முஸ்லிம், ஸ்ரீரங்கத்தில் குடியேறி ரங்கநாதருக்கு வாசிச்சவர்.

ஊர் திரும்பின பிறகு ஒரு சனிக்கிழமை வடை வாங்கிக்கிட்டு நம்ம கோவில் பின்னறைக்குப் போனேன். நாதஸ்வரத் தம்பி சீவாளியைச் சீவிக்கிட்டு இருந்தார். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து மூணு வருஷம் ஆகுது, அவர்கிட்ட இசையைப் பற்றி நான் பேசினது அன்னிக்குத்தான். பங்குனி உத்திரத்தன்று நான் நிறுத்தச் சொன்னப்போ என்ன வாசிச்சீங்கன்னு கேட்டேன்.

"மல்லாரிண்ணே. சாமியைக் கிளப்புற நேரம்" என்றார்.

மல்லாரிக்குப் பாட்டு வரிகள் கிடையாதாம். பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில், தாளக் கணக்கோடு வரும். ஒரே அமைப்பை மெதுவா, அப்புறம் இரட்டிச்சு, மறுபடி இரட்டிச்சு வாசிப்பாங்க. அபிஷேகத்துக்குத் தீர்த்தம் கொண்டு வரும்போது ஒரு மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரின்னு தனித்தனியா இருக்கு. தூரத்தில் வயல்வேலையில் இருப்பவன் காதால் கேட்டே சாமி இப்போ எங்கே, என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்குவானாம். என் மைக்கில் நான் கத்துறது எல்லாம் ஒரு காலத்தில் இந்த மேளம் செஞ்ச வேலை!

"நடுவில் நிறுத்தினா என்ன ஆகும் தம்பி?"

"மறுபடி முதல்லேருந்து எடுக்கணும்ணே. அன்னிக்கு எடுக்க முடியலை. காரை நகர்த்தினதும் சாமி கிளம்பிடுச்சு."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்கு வடை இறங்கலை. முருகன் மல்லாரி முடியாம வாசலைத் தாண்டினதுக்கு நானும் ஒரு வீரா காரும் காரணம்.

நம்ம பிள்ளைகள் பாட்டு, வயலின், பரதம் எல்லாம் கத்துக்கிறாங்க. கோலாலம்பூரில் 1981-இலிருந்து டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கு, சிங்கப்பூரில் சிஃபாஸ் 1949-இலிருந்தே இருக்கு. ஆனா நம்ம கோவிலுக்கு வர்ற குடும்பத்தில் ஒரு பையன் கூட நாதஸ்வரம் கத்துக்கணும்னு கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கிற மாதிரி நாம வச்சிருக்கோமா? அன்னதான வரிசைக்குப் பக்கத்தில் நிக்க வச்சு, மேலே ஸ்பீக்கரில் பக்திப் பாட்டும் போட்டா எந்தப் பிள்ளை காதில் விழும்?

நிர்வாகக் கூட்டத்தில் பேசிட்டேன். ஒரு வருஷம் முயற்சி பண்ணிப் பார்க்கலாம்னு தலைவர் சொல்லியிருக்கார். பொருளாளர் ஐயாவுக்கு இன்னும் சந்தேகம்தான், புகார் வந்தா நீங்களே பதில் சொல்லுங்கன்னார். சரின்னு ஒத்துக்கிட்டேன். வர்ற பங்குனி உத்திரத்தில் மேளம் வாசிக்கும்போது மைக்கும் ஸ்பீக்கரும் ஆஃப். வசந்த மண்டபத்துக்கு முன்னால் ஐம்பது நாற்காலி போடுறோம். வழியை அடைக்கிற கார் நம்பரை இளைஞர் பிரிவுத் தம்பிகள் நுழைவாசல் வெள்ளைப் பலகையில் எழுதி வைப்பாங்க, அங்கே பார்த்துக்குங்க.

மேளம் சாயங்காலம் ஆறரைக்கு, மல்லாரி ஏழேகாலுக்கு. வெள்ளை வீரா கார் அன்பர் இதைப் படிச்சீங்கன்னா, தயவு செஞ்சு இந்த வருஷம் பக்கத்துப் பள்ளித் திடலில் நிறுத்துங்க.